கோப்பைக்கு ஒரு பெயர்

வீராம்பட்டினத்தில் கிரிக்கெட் சீசன் எப்போது தொடங்கும் என்று காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்து, விசைப்படகுகள் எல்லாம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்க ஆரம்பித்தால் சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வருஷம் பூராவும் வலை இழுத்த கைகளுக்கு இரண்டு மாதம் வேலை கிடையாது. சும்மா இருக்கிற கை சாராயக் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் மட்டையைப் பிடிக்கும். ஊரில் பாதிப் பேர் இரண்டையும் செய்தார்கள்.

ஆட்டம் நடக்கும் இடத்தை மைதானம் என்று சொன்னால் மைதானம் கோபித்துக்கொள்ளும். ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தை ஒட்டிய உவர்த்திடல் அது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் மூடிப்போன ஐஸ் கம்பெனியின் சுவர், மற்றொரு பக்கம் தண்ணீர். அதில் ஆடும் அணிக்குப் பெயர் அலைகள் கிரிக்கெட் அணி. கேப்டன் கோபிநாத்துக்கு இடது கை முழங்கையில் வளைந்திருக்கும், அந்தக் கையோடுதான் கீப்பிங் செய்வான். விஜய் வேகமாகப் பந்து போடுவான், எங்கே போய் விழும் என்பது அவனுக்கும் தெரியாது. மீதிப் பேர் பந்தைப் பிடிப்பதைவிட விட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதில்தான் தேர்ந்தவர்கள். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் தடைக்காலத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இவர்கள் நடத்தும் கோப்பைக்கு கடலூர் வரையிலிருந்து அணிகள் வரும்.

இந்தப் பக்கத்தில் கோப்பை என்றால் செத்தவன் பெயரில்தான் இருக்கும். உயிரோடு இருப்பவன் பெயரில் கோப்பை வைக்கும் துணிச்சல் எந்த ஊருக்கும் வந்ததில்லை. இளம் வயதில் போனவனாக இருக்க வேண்டும், அணியில் ஆடியவனாக இருந்தால் இன்னும் விசேஷம். விபத்தோ, கடலோ, கயிறோ, எப்படிப் போனாலும் ஃபிளக்ஸில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. ஒரு வழக்கம் மட்டும் எழுதாத சட்டம் மாதிரி இருந்தது. புதிதாக ஒரு சாவு விழுந்தால் கோப்பை புதியவனுக்குப் போய்விடும். பழையவன் பெயர் அதோடு சரி.

அலைகள் அணியின் கோப்பை முகிலன் பெயரில் இருந்தது. முகிலன், மீன் விற்கும் அஞ்சலாட்சியின் மகன். பாகூர்ப் பக்கம் ஒரு மேட்ச் ஜெயித்துவிட்டுத் திரும்பும்போது பைபாஸில் லாரி இடித்துச் செத்தான். வண்டியை ஓட்டியது கோபிநாத். பின்னால் உட்கார்ந்திருந்தவன் போய்விட்டான், ஓட்டியவனுக்குக் கை மட்டும் வளைந்தது. அஞ்சலாட்சி இதற்காக கோபிநாத்தை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் வருஷம் பையன்கள் நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தபோது அவள் விளக்குமாற்றை எடுத்தாள். "என் புள்ளைய வெச்சு கூத்தடிக்கறீங்களாடா?" என்று தெருமுனை வரை துரத்தினாள். ஆனால் போட்டி நாளன்று அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தோப்பு வழியாக வந்துகொண்டிருந்தபோது காற்றில் மைக் சத்தம் வந்தது. சவுண்டு சர்வீஸ் ஜெயம்தான் அறிவிப்பாளன். சாதாரணமாகத் தண்ணீர் கேட்பதற்கே அடுக்குமொழியில் கேட்கிற ஆள் அவன். "மறைந்தும் மறையாத மாவீரன், வேகப்பந்து வித்தகன், முகிலன் நினைவு கோப்பை!" என்று அவன் இழுத்துச் சொன்னான். அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவன் மறுபடி சொன்னான். ஓவருக்கு ஓவர் சொன்னான். மீன் நாறிப் போகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.

வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. புருஷன் இராமதாஸ் நல்ல மனுஷன்தான், குடிப்பதுகூட இல்லை. ஆனால் முகிலன் என்று அவள் வாயைத் திறந்தால் சாப்பாட்டில் கை இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவான். கடலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் சுமலதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தபோது தம்பி பெயரை வைக்கச் சொல்லி அஞ்சலாட்சி கெஞ்சினாள். அற்பாயுசில் போனவன் பெயர் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சம்பந்தி முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டாள். தெருவில் இருப்பவர்களோ அவளைக் கண்டால் பேச்சை மாற்றுவார்கள். இருபது வருஷம் தினமும் நூறு தடவை கூப்பிட்ட பெயர், கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லாமல் தொண்டையிலேயே கிடந்தது. ஆகவே வருஷத்தில் ஒரு நாள் ஜெயத்தின் மைக் அதைச் சொல்லும்போது அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து மேடையேறிக் கோப்பையும் கொடுத்தாள். புதுப்புடவை கட்டிக்கொண்டுதான் போவாள். ஒரு தாய் இப்படியும் சந்தோஷப்படலாமா என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முகிலனுக்கு முன்னால் அந்தக் கோப்பை புருஷோத்தமன் என்பவன் பெயரில் இருந்தது. கடலில் இடி விழுந்து செத்தவன். அவன் அம்மாவும் முதல் வரிசையில் வந்து உட்காருவாள். முகிலன் செத்த பிறகு அவள் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று அஞ்சலாட்சி ஒரு நாளும் யோசித்ததில்லை. அவரவர் வயிற்று வலி அவரவர்க்கு.

இந்த வருஷம் தடைக்காலம் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஹாதி செத்துப்போனான்.

ஹாதி மீனவப் பையன் இல்லை. டவுனில் முல்லா வீதிக்காரன். அவன் அத்தா தாஜுதீன் துறைமுகத்துக்கு எதிரே வலை, கயிறு, மிதவை எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வந்து போன பழக்கத்தில் விஜயோடு சிநேகமாகி அணியில் சேர்ந்தான். காலேஜில் கடைசி வருஷம். இடது கை ஆட்டக்காரன். மற்றவர்கள் மட்டையால் பந்தை மொத்துவார்கள் என்றால் அவன் அதைத் தடவி அனுப்புவான். அலைகள் அணிக்குக் கிடைத்த ஒரே அழகு அவன்தான்.

அந்தத் திடலுக்கென்று ஒரு விதி இருந்தது. தண்ணீரில் பந்தை அடித்தால் ஆறு ரன், ஆனால் அடித்தவனே இறங்கி நீந்திப் போய் எடுத்துவர வேண்டும். வாரத்துக்குப் பத்துப் பந்து ஆற்றோடு போய்க்கொண்டிருந்த காலத்தில் முகிலன் போட்ட விதி. நடக்கும் முன்னே நீந்தியவர்களுக்கு அது ஒரு விளையாட்டுக்குள் விளையாட்டு. ஹாதிக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தண்ணீர்ப் பக்கமே பந்து போகாமல் இரண்டு வருஷம் தரையோடு ஆடிக்கொண்டிருந்தான். அதைத்தான் எல்லாரும் அழகு என்று நினைத்தார்கள். அன்று பயிற்சியில் விஜய் போட்ட பந்து ஒன்று மட்டையின் நடுவில் பட்டு, அவனே எதிர்பாராத உயரத்துக்குப் போய் ஆற்றில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். "இறங்குடா, இறங்குடா" என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். துறைமுகத்துக்காகத் தோண்டிய பள்ளம் அங்கே இருந்தது. அவன் கையை ஆட்டியதைப் பார்த்து நடிக்கிறான் என்று சிரித்தார்கள். சிரிப்பு நின்று விஜய் குதித்தபோது நேரம் கடந்துவிட்டது.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து கோபிநாத் அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"இன்னாடா நிக்கற, உள்ள வா" என்றாள் அவள். "ஃபிளக்ஸுக்கு போட்டோ வேணுமா? போன வருசம் போட்டது வேணாம். அதுல கண்ணு சின்னதா தெரியுது."

"அது இல்ல அத்த." அவன் சுவரைப் பார்த்தான். "பசங்கல்லாம் பேசினாங்க. இந்த வருசம் ஹாதி பேர்ல வெக்கலாம்னு."

அவள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அவன் நம்ம ஊரே இல்லியேடா. டவுன் புள்ள."

"நம்ம ஆட்டத்துல செத்தான் அத்த. நாங்க கைதட்டி இறக்கிவிட்டோம். அந்த ரூலு கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"முகிலன் போட்டது. அதான? சொல்லேன். வாயத் தொறந்து பேரச் சொல்லு."

அவன் சொல்லவில்லை. "தாஜுதீன் பாய்கிட்ட கேட்டோம். போட்டோல்லாம் எங்க வழக்கத்துல இல்ல, பேரு வேணும்னா போட்டுக்குங்க, ஆனா அவங்க அம்மா சரின்னு சொல்லணும்னாரு. அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றான். பிறகு, "உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரல அத்த" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று அஞ்சலாட்சி அடுப்பு மூட்டவில்லை. ஹாதி நல்ல பையன். மீன் கொண்டுபோகும்போது கூடையை இறக்கக் கைகொடுப்பான். அவன் செத்த செய்தி வந்தபோது அவள் மெய்யாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மகன் போட்ட விதியால் செத்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதெல்லாம் உண்மை. அதற்கு மேலே ஒரே ஒரு எண்ணம் பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது: இந்த வருஷம் அந்த மைக் என் பிள்ளை பெயரைச் சொல்லாது. அடுத்த வருஷமும் சொல்லாது. இனிமேல் யாருமே சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் நாட்டுப்படகில் வந்த சங்கரா மீனைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி முல்லா வீதிக்குப் போனாள். ஹாதியின் அம்மா ரோஷன் பீவி அவளுக்குப் பழைய வாடிக்கை. பேரம் பேசாமல் வாங்குகிற ஒரே வீடு அந்தத் தெருவில் அதுதான். கெஞ்சிக் கேட்டுவிடலாம் என்று வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள். எனக்கு அது ஒண்ணுதாம்மா இருக்கு, உங்களுக்கு ஆண்டவன் இன்னும் ரெண்டு புள்ள குடுத்திருக்கான், அத எனக்கு விட்டுக்குடுத்துடுங்க என்று சொல்ல வேண்டும்.

ரோஷன் பீவி கதவைத் திறந்தாள். ஒரு மாதத்துக்குள் பத்து வயது கூடியிருந்தது. "மீனு வேணாம் அஞ்சல. நீ உள்ள வா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை.

"நானே ஒன்ன வரச்சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் ரோஷன் பீவி. "பசங்க வந்து கோப்பைக்கு ஹாதி பேரு வெக்கறோம்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எங்க ஊட்டுக்காரரு என் தலையில போட்டுட்டு கடைக்கிப் போயிட்டாரு. யாருகிட்ட கேக்கறது? ஒனக்குத்தான் தெரியும். நீதான் அந்த எடத்துல இருந்திருக்க. சொல்லு அஞ்சல. மைக்ல புள்ள பேர சொல்றப்ப ஒனக்கு எப்பிடி இருக்கும்? ஆறுதலா இருக்குமா?"

அஞ்சலாட்சி அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எதிரே இருந்த முகம் அவள் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் அவள்மேல் துளிச் சந்தேகமும் இல்லை.

"வேணாம்மா" என்றாள். தன் குரல் இவ்வளவு திடமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தப் பாவம் ஒங்களுக்கு வேணாம். காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் அவன் பேர சொல்லி சொல்லி கத்துவானுங்க. ஐஸு விக்கறவன் ஒரு பக்கம், விசிலு ஒரு பக்கம். புண்ண ஆற வுடாம குத்திக்கினே இருப்பானுங்க. நான் பட்டது போதும். நீங்க படாதீங்க."

"அப்ப நீ ஏன் போற?"

"நான் போவலன்னா பசங்க மனசு ஒடஞ்சுடும்னு போறேன்."

ரோஷன் பீவி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லவேளை ஒன்னக் கேட்டேன்" என்றாள். போகும்போது அஞ்சலாட்சியின் கையில் ஒரு பை ரஸ்க்கும் பிஸ்கட்டும் கொடுத்தாள். ஹாதி சாப்பிடுவதற்காக வாங்கி வைத்தது, வீட்டில் யாரும் தொடவில்லை என்றாள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் அஞ்சலாட்சி வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று தாஜுதீன் தகவல் சொன்னார். பையன் பெயரை யாரும் மைக்கில் எடுக்க வேண்டாம், அவர்களுக்குத் தாங்காது என்றும் கேட்டுக்கொண்டார். கோபிநாத் அதை அணிக்குச் சொன்னான். விஜய் மட்டும் எழுந்து தனியாகப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழைய ஃபிளக்ஸே மறுபடி வந்தது. இந்தத் தடவை கண் பெரிதாக இருக்கும் படத்தை அஞ்சலாட்சி தேடிக் கொடுத்தாள்.

சீசன் நடந்தது, ஆனால் அதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. நல்லவாடு அணியிடம் தோற்றார்கள். பூரணாங்குப்பத்தில் நாலு கேட்ச்சை விட்டார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் கேவலம். சொந்தத் திடலிலும் தண்ணீர்ப் பக்கம் யாரும் பந்தை அடிக்கவில்லை. அடிக்க வசமாக விழுந்த பந்தையும் தோப்புப் பக்கமே திருப்பினார்கள். எதிரணிகள் இரண்டே மேட்ச்சில் அதைக் கண்டுபிடித்து, தண்ணீர்ப் பக்கத்தை ஆளில்லாமல் விட்டுவிட்டு அத்தனை பேரையும் தோப்போரம் நிறுத்தினார்கள். வந்த கேட்ச்சையெல்லாம் கனி பறிப்பது போலப் பறித்தார்கள். விஜய் ஓடிவந்து பந்து போடும் இடத்துக்கு வந்ததும் சில சமயம் நின்றுவிடுவான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பான். கோபிநாத் அடுத்தவனைக் கூப்பிடுவான். நாலாம் எண் ஹாதி இறங்கும் இடம். இரண்டாவது விக்கெட் விழும்போதெல்லாம் யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவன் பெயரை மட்டும் சொல்லவே மாட்டார்கள். பெற்றவள் கேட்டுக்கொண்டாளே.

அஞ்சலாட்சி இதையெல்லாம் தோப்போரத்திலிருந்து பார்த்தாள். பையன்கள் சீக்கிரம் சரியாகிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முல்லா வீதிப் பக்கம் மீன் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். தடைக்காலம், மீன் இல்லை என்று யாரும் கேட்காமலேயே காரணம் சொன்னாள்.

கோப்பை நாள் வந்தது. சொந்த ஊர்க் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே அலைகள் அணி சுருண்டது. பிறகு வெளியூர் அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீரில் பந்து விழுந்தால் எடுத்துவர ஒரு ஃபைபர் படகைக் கட்டி வைத்திருந்தான் கோபிநாத். ஜெயம் காலையிலிருந்தே தொண்டையைப் பிளந்தான். "வானில் மின்னலாய் வந்து மறைந்த முகிலன் நினைவு கோப்பை!" என்றான். புதுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெயர் உள்ளே இறங்கியது. போன வருஷம் போலவே இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு வரும்போதே ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிட்டது.

ஃபைனலுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஐஸ் கம்பெனிச் சுவரோரம் யாரோ நிற்பதைப் பார்த்தாள். புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெயிலில் நின்றது ரோஷன் பீவி.

வேறு பக்கம் போய்விடலாமா என்று அஞ்சலாட்சிக்குத் தோன்றியது. அதற்குள் ரோஷன் பீவி பார்த்துவிட்டாள். அஞ்சலாட்சி கிட்டே போனதும், "என்னம்மா இங்க வந்து? வெயில்ல நிக்கறீங்களே, வாங்க நாற்காலி போடச் சொல்றேன்" என்றாள்.

"வேணாம் அஞ்சல. யாருக்கும் தெரிய வேணாம்." ரோஷன் பீவி குரலைத் தாழ்த்தினாள். "ஊட்ல அவன் பேர யாரும் எடுக்கறதில்ல. எடுத்தா நான் அழுவேன்னு பயம். சின்னவளுங்க ரெண்டும் நான் வந்தா பேச்ச நிறுத்திடறாளுங்க. இங்க வந்தா, மைக்ல இல்லாட்டி போவுது, பசங்க பேசிக்கறப்பவாவது ஒரு தடவ காதுல விழும்னு வந்தேன். ஹாதி இருந்தா இத அடிச்சிருப்பான்னு ஒருத்தனாவது சொல்லுவான் இல்ல? காலைலேருந்து நிக்கறேன். ஒருத்தன்கூட சொல்லல." அவள் திடலைப் பார்த்தாள். "அதுக்குள்ள மறந்துட்டாங்களா அஞ்சல?"

மறக்கவில்லை, நீங்கள் வேண்டாம் என்றதால்தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது தானாக வந்துவிட்டது.

"நான் சொன்னது பொய்ம்மா" என்றாள். "அன்னிக்கி ஒங்க ஊட்ல சொன்னது பூரா பொய். அந்தப் பேர கேக்கத்தான் வருசம் பூரா உசுர கைல புடிச்சிக்கினு இருப்பேன். அது ஒங்க புள்ளைக்குப் போயிடுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

ரோஷன் பீவி அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அஞ்சலாட்சி காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

"இப்பவே போயி ஜெயத்துகிட்ட சொல்றேன்" என்று அஞ்சலாட்சி பதறினாள். "இன்னும் ஃபைனலு இருக்கு. அவன் பேர சொல்லச் சொல்றேன்."

"சொல்லாத. நீ பிச்ச போட்ட மாதிரி இருக்கும்."

"அப்ப அடுத்த வருசம். அடுத்த வருசம் கண்டிப்பா ஹாதி பேர்லதான். நானே நின்னு..."

"அடுத்த வருசத்துக்குள்ள வேற ஒருத்தி புள்ள செத்திருப்பான், அஞ்சல" என்றாள் ரோஷன் பீவி. முகத்திரையை இறக்கிக்கொண்டாள். பிறகு மணலில் கால் புதையப் புதைய ரோட்டுப் பக்கம் நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அஞ்சலாட்சி அதே சுவரோரம் நின்றாள். ஃபைனல் எப்போது முடிந்தது, யார் ஜெயித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கோபிநாத் வந்து, "அத்த, எங்க போயிட்டீங்க, எல்லாரும் தேடறாங்க" என்று தோளைத் தொட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் அவன் பின்னால் நடந்தாள். மேடை என்பது நாலு ஐஸ் பெட்டியின் மேல் போட்ட பலகை. ஜெயம் அவளைக் கண்டதும் மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டான். "இதோ வருகிறார், வீரனைப் பெற்ற வீரத்தாய்! முகிலனின் அன்னை! முகிலன், முகிலன், முகிலன்! இந்தப் பெயர் இந்த மண்ணில் உள்ளவரை..." என்று அவன் ஏற்றிக்கொண்டே போனான்.

அவள் வருஷம் பூராவும் காத்திருந்த இடம் இதுதான். கோப்பையை யாரோ கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. முகிலன் என்று அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கும் அது கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஸ்பீக்கர் சத்தம் அவ்வளவு தூரம் போகும். காதைப் பொத்திக்கொள்ளக் கை காலியாக இல்லை. "போதும்" என்றாள். ஜெயத்துக்குக் கேட்கவில்லை. "போதும்டா, நிறுத்துடா, அவன் பேர சொல்லாதடா!" என்று அலறினாள். மைக் அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

திடல் முழுக்க அந்த அலறல் போயிற்று. பிறகு, பெற்ற வயிறு அல்லவா என்று யாரோ முன்வரிசையில் சொன்னார்கள், ஒருவர் கை தட்டினார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். ஜெயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் உருக்கமாக, முகிலன் பெயரை மறுபடி சொன்னான்.